குள்ளமானவர்களுக்கு ஒரு மடக்குக் கைத்தடி

கைத்தடி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் அதை மடக்கிக் காட்டுவார். நான்கு துண்டாக மடங்கும், கைப்பைக்குள் போய்விடும், பிடியைப் பிடித்துத் தொங்கவிட்டால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஊன்றி நடக்கப் போகிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தத் தடியை எவ்வளவு குட்டையாக்க முடியும்? இதைப் பெரும்பாலான கடைகளில் யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. நான் 154 சென்டிமீட்டர் உயரம். என்னைப் போன்ற உயரத்தில் இருக்கிற பெண்கள்தான் நம் ஊரில் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டு, திருச்சி திருவானைக்காவலில் மகன் வீட்டோடு இருக்கிறேன். இடது முழங்காலில் தேய்மானம். வீட்டுக்குள் தடி இல்லாமல் சமாளித்துவிடுவேன். வெளியே இறங்கினால், அதுவும் காந்தி மார்க்கெட், சத்திரம் பேருந்து நிலையம் மாதிரி இடங்களில், கொஞ்ச நேரத்திலேயே முட்டி கனக்க ஆரம்பித்துவிடும். டாக்டர் மூன்று விஷயம் சொன்னார்: தொடைத் தசைக்கு உடற்பயிற்சி, எடையைக் குறைப்பது, வெளியே போகும்போது தடி. மூன்றும் சேர்ந்தால்தான் பலன், தடியை வாங்கிவிட்டுப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்லி, பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம் அனுப்பினார். தடியைப் பற்றி எனக்குத் தெரிந்த பாதிக்கு மேல் அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததுதான்.

உயரத்தை அளப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிமிர்ந்து நிற்க வேண்டும். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தளர்வாகத் தொங்க வேண்டும். மணிக்கட்டின் உட்பக்கம், உள்ளங்கை தொடங்குகிற இடத்தில் ஒரு ரேகை இருக்குமே, அங்கிருந்து தரை வரை என்ன அளவோ அதுதான் தடியின் உயரம். நாமே குனிந்து அளந்தால் அளவு மாறிவிடும், இன்னொருவர்தான் அளக்க வேண்டும். எனக்கு மருமகள் தையல் டேப்பை வைத்து அளந்தாள். இந்த உயரத்தில் தடியைப் பிடித்து நின்றால் முழங்கை லேசாக மடங்கியிருக்கும், ஏறக்குறைய 20 டிகிரி. அந்தச் சின்ன மடிப்பு இருந்தால்தான் கையை நீட்டித் தடியை அழுத்த முடியும், உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு தடி வழியாகத் தரைக்கு இறங்கும்.

செருப்பு போட்டுக்கொண்டு அளக்கச் சொல்வார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது போதும், அவர்களில் பலர் காலையில் ஷூ மாட்டினால் இரவுதான் கழற்றுகிறார்கள். நமக்கு அப்படி இல்லை. செருப்போடு பஸ் ஏறி, யார் வீட்டுக்காவது போய் வாசலில் கழற்றி, வெறுங்காலோடு உள்ளே நடந்து, மறுபடி செருப்பு, அப்புறம் கோயில், மறுபடி வெறுங்கால். எனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பின் அடிப்பாகம் 2.5 சென்டிமீட்டர் கனம். வெறுங்காலில் என் அளவு 75, செருப்போடு 77.5. மடக்குத் தடிகளில் உயரத்தை மாற்றுவதற்கு இருக்கிற துளைகளும் பெரும்பாலும் ஓர் அங்குல இடைவெளியில்தான் இருக்கின்றன. அதாவது செருப்பைக் கழற்றினால் ஒரு துளை கீழே, மாட்டினால் ஒரு துளை மேலே. கணக்கு இவ்வளவு சுலபமாக வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்குப் போன பிறகுதான் அந்தக் கீழ்த் துளை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தேன்.

புத்தூரில் அரசு மருத்துவமனையைச் சுற்றி சர்ஜிக்கல் கடைகள் நிறைய. அங்கே ஆரம்பித்து, ஆன்லைனிலும் தேடினேன். கையில் எடுத்த மடக்குத் தடிகளில் பெரும்பாலானவை 84 சென்டிமீட்டரிலிருந்து 94 வரை, அதாவது 33 அங்குலத்திலிருந்து 37 வரை. அதன் கடைசித் துளையே எனக்கு 9 சென்டிமீட்டர் அதிகம். ஒரு கடையில் அதையே என் கையில் கொடுத்து, "நாலு நாள் நடந்தா பழகிடும்மா" என்றார்கள். அது பழகக் கூடிய விஷயம் இல்லை. தடி உயரமாக இருந்தால் முழங்கை அதிகமாக மடங்கிவிடும், மடங்கிய கையால் அழுத்த முடியாது. ஒவ்வோர் அடிக்கும் தோள் காதை நோக்கி ஏறும், சாயங்காலத்துக்குள் கழுத்திலும் தோளிலும் வலி வந்துவிடும். முழங்காலுக்கோ எந்த உதவியும் கிடைக்காது, ஏனென்றால் பாரம் தடிக்குப் போவதே இல்லை. தெருவில் தடியோடு போகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஒரு தோள் தூக்கிக்கொண்டு நடக்கிற பாட்டிகள் எத்தனை பேர்! அவர்களுக்குத் தோளில் கோளாறு இல்லை, தடிதான் உயரம்.

இந்த 84 என்ற எண் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று கொஞ்சம் உட்கார்ந்து தடியையே ஆராய்ந்தேன். மடங்காத அலுமினியத் தடியில் ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் நீளமாகப் போகிறது. அதனால் 72 சென்டிமீட்டரிலிருந்து 95 வரைகூட ஒரே தடியை ஏற்றி இறக்கலாம். மடக்குத் தடியில் அது நடக்காது. மொத்தத் தடியும் நான்கு துண்டு. உயரம் மாற்றும் வசதி அதில் ஒரே ஒரு துண்டில்தான் இருக்கிறது, அந்தத் துண்டும் குட்டை. எனவே பெரும்பாலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் விளையாட இடமில்லை. இந்த 10 சென்டிமீட்டர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்துவிடுகிறார், அது பெரும்பாலும் உயரமானவர்களை மனதில் வைத்துத்தான். மடங்குகிற வசதிக்கு நாம் கொடுக்கிற விலை இந்த வீச்சுதான். உயரமானவர்களுக்கு அந்த விலை தெரியவே தெரியாது.

ஒரு கடைக்காரத் தம்பி நல்ல மனதோடு, "கீழே கொஞ்சம் அறுத்துத் தந்துடறேன்மா" என்றார். மரத் தடிக்கு அது சரி. அப்பாவின் பிரம்புத் தடியைப் பெரியப்பாவுக்காக அப்படித்தான் ரம்பத்தால் அறுத்து ரப்பர் மாட்டினார்கள். மடக்குத் தடியின் உள்ளே, மேலிருந்து கீழ் வரை ஒரு எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. துண்டுகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். பல தடிகளில் அதன் ஒரு முனை கீழ்த் துண்டுக்குள்தான் கட்டப்பட்டிருக்கும். அங்கே கை வைத்தால் தடியே போய்விடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

குட்டை அளவில் மடக்குத் தடிகள் தயாராகாமல் இல்லை. கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். "சின்ன சைஸ்" என்று கேட்டால் மடக்கிய பிறகு சின்னதாக இருப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். "கடைசித் துளையில் எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்?" என்று கேளுங்கள். ஆன்லைனில் வாங்கினால் விவரத்தில் உயர வரம்பு என்று போட்டிருப்பதில் முதல் எண்ணை மட்டும் பாருங்கள். எனக்கு 75 முதல் 85 வரை போகிற ஒன்று கிடைத்தது. அதுவும் அதன் கடைசி இரண்டு துளைகளில்தான் எனக்குச் சரியாக நிற்கிறது. நான் இன்னும் ஓர் அங்குலம் குள்ளமாக இருந்திருந்தால் அதுவும் உதவியிருக்காது.

அப்படி உதவாமல் போனது என் அக்காவுக்கு. அக்கா என்னைவிடக் குள்ளம், இரண்டு முட்டியும் தேய்மானம். குளித்தலையில் இருக்கிறாள். அவளுக்கும் மடக்குத் தடிதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். காரணம் எனக்குத் தெரியும். தடியோடு யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது. கல்யாண மண்டபத்தில் நாற்காலியில் உட்கார்ந்ததும் தடி பைக்குள் போய்விட வேண்டும். இந்தக் கூச்சத்தால்தான் அவள் கல்யாணம், காதுகுத்து எதற்கும் வராமல் ஆகிவிட்டாள். எங்கள் சித்தி பேத்தி கல்யாணத்துக்குக்கூட மொய்ப் பணத்தை என்னிடம் கொடுத்தனுப்பினாள். எனக்கு அது மனதுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. முட்டி வலியைவிட, வீட்டோடு அடைந்து கிடப்பது அவளைச் சீக்கிரம் தளர்த்திவிடும் என்று பயந்தேன்.

அவள் மணிக்கட்டு அளவு 72. அதற்கு மடக்குத் தடி கிடைக்கவில்லை. மடங்காத அலுமினியத் தடிதான் அந்த அளவுக்கு இறங்கியது. அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்து, முதலில் என்னுடைய தடியைப் பிடித்து நடக்கச் சொன்னேன், அப்புறம் அவளுடையதை. என்னுடையதில் தோள் தூக்கியது. அவளுடையதில் முற்றம் வரை போய்த் திரும்பி வந்து, "இதுல முட்டி லேசா இருக்குடி" என்றாள். நான் வேறு எதுவும் பேசவில்லை. மடங்குகிறதா இல்லையா என்ற கேள்வியை அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. இப்போது பங்குனி உத்திரத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

சரி, அளவு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது எந்தக் கையில் பிடிப்பது. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "வலிக்கிற பக்கம் புடிங்கம்மா." அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் தவறு. இடது முழங்கால் வலித்தால் தடி வலது கையில். நடக்கும்போது இடது காலோடு வலது கை முன்னே போவது நம் எல்லோருக்கும் இயல்பு. வலது காலைத் தூக்குகிற நேரத்தில் உடம்பு முழுதும் இடது காலில்தான் நிற்கிறது, வலப்பக்கம் சரியப் பார்க்கிறது. அந்தப் பக்கத்தில் தடி ஊன்றியிருந்தால் சரிகிற பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். தடியையும் இடது கையில் பிடித்தால், நாம் வலிக்கிற காலின் மேலேயே போய்ச் சாய்கிறோம். இடுப்பு மூட்டு வலிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம் என்று பிசியோதெரபி பெண் சொன்னாள். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைச் சரியாமல் பிடித்திருக்கிற தசைகள் இழுக்கிற இழுப்பும் மூட்டின் மேல்தான் விழுகிறது, எதிர்க்கைத் தடி அந்த இழுப்பைக் குறைக்கிறது.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு வலிக்கிற காலும் தடியும். இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில், நல்ல கால் பின்னால். எந்தப் படியாக இருந்தாலும் கம்பி இருந்தால் ஒரு கை கம்பியில்.

பிடியைப் பற்றி. வளைந்த பிடியைக் கையில் மாட்டிக்கொள்ள வசதி, ஆனால் உள்ளங்கை தடிக்கு நேர் மேலே நிற்காது. டி வடிவப் பிடியிலும், முன்பக்கம் சற்று நீண்டு இறங்குகிற பிடியிலும் பாரம் நேராகத் தடிக்குள் இறங்குகிறது. உள்ளங்கை வடிவத்துக்கே அச்சில் வார்த்த அகலமான பிடியும் உண்டு, விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது சுகம். அதில் இடக்கை, வலக்கை என்று தனித்தனியாக வரும், கவனித்து வாங்குங்கள். பஞ்சு மாதிரி மெத்தென்ற பிடி கடையில் பிடித்துப் பார்க்க நன்றாக இருக்கும். திருச்சி வெயிலில் அது வியர்வையைக் குடித்து நாறிவிடும், எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வழவழப்பான பிளாஸ்டிக்கும் வியர்த்த கையில் வழுக்குகிறது. கொஞ்சம் சொரசொரப்பான ரப்பர் பிடிதான் என் தேர்வு.

உயரத்தை மாற்றுகிற பொத்தானையும் நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டும், கடைக்காரரின் கட்டைவிரல் அழுத்துவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் செருப்புக் கதைக்காக அதை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். சில தடிகளில் பித்தளைப் பொத்தான் அவ்வளவு கடினம், நகம் பெயர்ந்துவிடும். பொத்தான் துளைக்கு வெளியே முழுதாக எட்டிப் பார்க்கிறதா என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊன்ற வேண்டும். பாதி மாட்டியிருந்தால் ஊன்றும்போது உள்ளே போய்விடும். பொத்தானுக்குக் கீழே மரை போட்ட ஒரு வளையம் இருந்தால் நல்லது. அதைத் திருகினால் இரண்டு குழாயும் இறுகி, நடக்கும்போது கடகட சத்தம் வராது.

மடங்குகிற மூட்டுகளையும் கடையிலேயே சோதிக்கலாம். தடியை விரித்து, ஒவ்வொரு மூட்டிலும் மேல்குழாய் கீழ்க்குழாயோடு இடைவெளி இல்லாமல் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். தலைமுடி நுழைகிற அளவு சந்து இருந்தாலும் எலாஸ்டிக் தளர்வு என்று அர்த்தம். விரித்த தடியைக் கையில் எடுத்து உதறினால் ஆடக் கூடாது. ஊன்றி, மெதுவாகப் பாரத்தைக் கொடுத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மடக்கிய துண்டுகளைக் கட்டி வைக்க ஒரு பிளாஸ்டிக் கிளிப்போ பட்டையோ கூடவே வரும். அது இல்லாமல் வாங்காதீர்கள், பைக்குள் தடி திடீரென்று விரிந்து பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்கும். எத்தனை கிலோ தாங்கும் என்று ஒட்டியிருப்பார்கள், பெரும்பாலும் 100 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒட்டவே இல்லை என்றால் அந்தத் தடியை அப்படியே வைத்துவிடுவேன்.

இத்தனைக்கும் மேலே நான் அதிகம் கவலைப்படுவது அடியில் இருக்கிற ரப்பர் புஷ்ஷைப் பற்றி. தரையைத் தொடுவது அது ஒன்றுதான். அடிப்பாகம் அகலமாக, வளையம் வளையமாகப் பள்ளங்கள் வெட்டியிருக்க வேண்டும். வழவழவென்று இருக்கிற புஷ் ஈர டைல்ஸில் சறுக்கிவிடும். நல்ல புஷ்ஷைக் கழற்றி உள்ளே பார்த்தால் அடியில் ஓர் இரும்பு வாஷர் தெரியும். அது இல்லாவிட்டால் அலுமினியக் குழாயின் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக ரப்பரை அறுத்துக்கொண்டு கீழே வந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒருநாள் குழாய் நேராகத் தரையில் மோதி வழுக்கும். குழாய் கனத்துக்குத் தகுந்த புஷ் வாங்க வேண்டும். 19 மில்லிமீட்டர், 22 மில்லிமீட்டர் என்று வருகின்றன, பழையதைக் கையோடு எடுத்துப் போய்விடுவது சுலபம். தடி வாங்கும்போதே ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள். விலை அற்பம். வரி தேய்ந்தாலோ, ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மார்கழியில் இது இன்னும் முக்கியம். விடிவதற்குள் எல்லா வாசலும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருக்கும். ஈரமும் கோலப்பொடியும் சேர்ந்த தரையில் புதுப் புஷ்கூடத் தயங்கும், நான் தெருவின் நடுப்பக்கமாகப் போய்விடுவேன்.

பஸ் ஏறுவதில்தான் மடக்குத் தடியின் அருமை தெரிகிறது. சத்திரம் போகிற டவுன் பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் தடியை நம்பி ஏறக் கூடாது, இரண்டு கையும் கம்பிக்கு வேண்டும். பிடியில் இருக்கிற கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, தடியைத் தொங்கவிட்டு, கம்பியைப் பிடித்து ஏறுவேன். நடக்கும்போது அந்தக் கயிற்றை மாட்டுவதில்லை. விழ நேர்ந்தால் தடி கையை விட்டுப் போக வேண்டும், கையையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. உட்கார்ந்ததும் மடக்கி மடியில் வைத்துவிடலாம். நீளத் தடி என்றால் நடைபாதையில் நீட்டிக்கொண்டு கண்டக்டர் காலில் தட்டும், பிரேக் போட்டால் உருண்டு முன்சீட்டுக்குப் போகும். இறங்க வேண்டிய ஸ்டாப் வருவதற்கு முன்பே எழுந்து நிற்காமல், பஸ் நின்ற பிறகு எழுந்திருக்கிறேன். "பொறுமையா இறங்குங்கம்மா" என்று சொல்கிற கண்டக்டர்கள்தான் அதிகம். கீழே இறங்கி, ஓரமாக நின்று, தடியை விரித்து, மூன்று மூட்டையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் முதல் அடி.

ரயிலிலும் அப்படித்தான். மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் கீழ்ப் படுக்கையில் தலையணைக்குப் பக்கத்தில் மடக்கி வைத்துக்கொள்வேன். ராத்திரி கழிப்பறைக்குப் போகும்போது ஓடுகிற பெட்டியில் தடி உதவாது, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். நடைமேடைக்குத்தான் தடி.

கோயிலுக்கு வருவோம், எங்கள் ஊரில் அதைச் சொல்லாமல் முடியாது. திருவானைக்காவலில் நிலைப்படிகள் உயரம், கல்தரை, விளக்கெண்ணெய் சிந்திய இடங்கள் வேறு. ஜம்புகேஸ்வரர் அப்பு லிங்கம், தண்ணீர் ஊறுகிற சந்நிதி. தடியைக் கோயிலுக்குள் கொண்டுபோகலாமா என்று கூச்சப்பட்டு வாசலிலேயே விட்டுவிட்டு, தெரியாதவர் தோளைப் பிடித்துக்கொண்டு போகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். செருப்பைக் கழற்றிய இடத்திலேயே ஈரத்துணியால் புஷ்ஷைத் துடைத்து, ஒரு துளை இறக்கிக்கொண்டு உள்ளே போங்கள். நான் அப்படித்தான் போகிறேன். இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நெரிசலான இடத்தில் மட்டும் மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். மணல் உள்ள பிராகாரத்தில் புஷ் புதையும், அங்கே சின்ன அடியாக வைக்க வேண்டும்.

யாருக்கு இந்தத் தடி சரிப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் பலமில்லாதவர்களுக்கும், நிற்கும்போதே தள்ளாடுகிறவர்களுக்கும் ஒற்றைக் கால் தடி போதாது, அது மடங்கினாலும் சரி மடங்காவிட்டாலும் சரி. நான்கு கால் தடியா, வாக்கரா என்பதை டாக்டரோ பிசியோதெரபிஸ்ட்டோ பார்த்துச் சொல்ல வேண்டும். மடக்குத் தடியின் அடியில் மாட்டுகிற குட்டி நான்கு கால் புஷ்ஷும் கிடைக்கிறது, தடி தானாக நிற்கும் என்று விற்கிறார்கள். அது தடி நிற்பதற்கு மட்டும்தான் உதவும், நம்மை நிற்க வைக்காது. நம் ஊர் நடைபாதைக் கல்லில் அதன் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுவதும் அபூர்வம். இன்னொன்று, வெள்ளை நிறத்தில் கீழே சிவப்புப் பட்டையோடு மெல்லிய மடக்குத் தடி ஒன்றையும் சில கடைகளில் இதோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது பார்வையில்லாதவர்கள் வழி அறிந்து நடப்பதற்கானது, பாரம் தாங்க அல்ல. விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

விலை என்று பார்த்தால், சாதாரண அலுமினிய மடக்குத் தடி 500 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. எடை 300லிருந்து 400 கிராம் இருக்கும். கார்பன் ஃபைபர் இன்னும் லேசு, விலை பல மடங்கு. எனக்கு அலுமினியமே போதுமானது. வெளிச்சத்துக்கு விளக்கு, அலாரம் எல்லாம் வைத்த தடிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட அந்தப் பணத்துக்கு நல்ல புஷ் வாங்குவேன். வசதி இல்லாத குடும்பத்தில் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் இலவசமாகவே கைத்தடி, வாக்கர், காது கேட்கும் கருவி தருகிறார்கள். 2017ல் தொடங்கிய திட்டம். அதற்கான முகாம்கள் எப்போது என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். அங்கே போனாலும் அளவு பார்க்காமல் வாங்கி வராதீர்கள், மணிக்கட்டு அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தடி செய்கிற நிறுவனங்களுக்கும், விற்கிற கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியின் மேல் மடக்கிய நீளத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். கடைசித் துளையின் உயரத்தையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். 70லிருந்து 80 சென்டிமீட்டர் வரை போகிற மடக்குத் தடியைக் கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வையுங்கள். எங்கள் ஒரு தெருவிலேயே அதற்கு ஆள் இருக்கிறார்கள். என் அக்காவும் இன்னும் ஒன்று வாங்கிக்கொள்வாள்.

கடைக்குப் போகிறவர்கள் வெளியே போட்டுக்கொள்கிற செருப்பையே போட்டுக்கொண்டு போங்கள். கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தையல் டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குள்ளேயே நான்கு அடி நடந்து பார்க்கும்போது, கூட வந்தவர் உங்கள் பின்னால் நின்று தோள்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். ஒரு தோள் ஏறினால் ஒரு துளை இறக்கச் சொல்லுங்கள். இறக்கத் துளை இல்லை என்றால், அது எவ்வளவு அழகாக மடங்கினாலும் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.